பாதிக்குப் பாதி

ஒக்காருங்க, தாராளமா ஒக்காருங்க. ரெண்டு பேர் சீட்டுதானுங்க இது, நான்தான் ஆளில்லைன்னு காலை நீட்டிட்டு இருந்தேன். கோயில் ஸ்டாப்புக்குத்தானுங்களே? கண்டக்டர்கிட்டக் கேட்டது காதுல உளுந்துச்சு. இன்னும் முக்கா மணி நேரம் ஆகுமுங்க. நான் அதையும் தாண்டி சங்ககிரி போறேன்.

முன்னால லேடீஸ் சீட்டுல மடியில மஞ்சப்பையோட ஒக்காந்திருக்கறது உங்க வீட்டுக்காரம்மாங்களா? பக்கத்துல பொண்ணுங்களா? தலைக்குத் தண்ணி ஊத்துன ஈரம் இன்னும் காயல, பை வாயில வாழையெல தெரியுது, இன்னைக்கு வெள்ளிக்கெழமை. பூக் கேக்கப் போறீங்க. சரிங்களா? அட, இதுல என்னங்க ஆச்சரியம், எங்க பக்கம் பூராவும் இதுதானுங்களே. வெள்ளை அரளி ஒரு பொட்டலம், செவப்பு அரளி ஒரு பொட்டலம், ஆத்தா முன்னால போட்டு ஒண்ணை எடுத்தா வெள்ளை வந்தா உத்தரவு, செவப்பு வந்தா இல்லை. எதுக்குங்க கேக்கறீங்க? பொண்ணுக்கு மெட்ராஸ்ல வேலை கெடைச்சிருக்கு, அனுப்பலாமா வேண்டாமான்னுங்களா? சரிங்க. நல்லதுங்க. நான் ஒண்ணும் சொல்லலை.

மொகம் மாறிருச்சுங்களா? அது ஒண்ணுமில்லீங்க. பூவுன்னாலே எனக்கு இப்படி ஆகிப்போகுது, மூணு வருசமா.

உங்ககிட்ட ஒரு நாயம் கேக்கறேன். நீங்க வெளியூரு, எந்தப் பக்கமும் சாய மாட்டீங்க. எங்க ஊர்ல அர்த்தநாரின்னு ஒருத்தர், வீட்டோட நாலு தறி போட்டு ஓட்டறவரு. போன ஆவணியில அவரு பொண்ணுக்குக் கல்யாணம். ஊருக்கே பத்திரிகை வெச்சாங்க. எங்க பள்ளிக்கூடத்து வாட்ச்மேனுக்கு வெச்சாங்க, சத்துணவு ஆயாவுக்கு வெச்சாங்க, எச்எம்முக்கு வெத்தலைபாக்குத் தட்டோட வந்து வெச்சாங்க. எனக்கு வெக்கலீங்க. அந்தப் புள்ளைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தது நானு. பத்தாவதுல தொண்ணூத்தேழு எடுத்துச்சுங்க அது, பள்ளிக்கூடத்துலயே மொதல். அதோட அம்மா எங்க வாசலைத் தாண்டிப் போயி எதுத்த வீட்டுக்குப் பத்திரிகை வெச்சுட்டு, மறுபடி எங்க வாசலைத் தாண்டித் திரும்பிப் போச்சு. நான் சன்னல்ல நின்னு பாத்துட்டே இருந்தேன். தலையைக்கூட நிமுத்தலை.

அப்படி நான் என்னங்க பண்ணிட்டேன்? முழுசாக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க. என் கணக்குல தப்பில்லீங்க. அதை மட்டும் எந்தக் கோயில்ல வேணும்னாலும் சூடம் அடிச்சுச் சொல்லுவேன்.

பத்தாவதுல கடைசிப் பாடம் நிகழ்தகவுங்க. ஒம்பதாவதுலயும் அதுதான் கடைசிப் பாடம், கடைசிங்கறதால அங்க யாரும் நடத்தறதில்லை. அதனால பத்தாவதுக்கு வர்ற புள்ளைங்களுக்கு அரிச்சுவடியில இருந்து ஆரம்பிக்கோணும். ஒரு காரியம் நடக்கறதுக்கு எவ்வளவு வாய்ப்பு, அதை எப்படி ஒரு எண்ணாச் சொல்றது. அவ்வளவுதானுங்க பாடம். பகடையை உருட்டுனா ஆறு விழ நிகழ்தகவு என்னன்னு கேட்டா, ஆறில் ஒன்றுன்னு நாப்பது வாயும் ஒண்ணாச் சொல்லும். ஏன் ஆறில் ஒன்றுன்னு கேளுங்க, ஒரு வாய் தொறக்காது. எல்லாம் மனப்பாடம். எனக்கு அது புடிக்காதுங்க. நான் அப்படி நடத்தற ஆளு இல்லை.

ஒருநாள் காலையில பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில ரோட்டோரம் அரளி பூத்திருந்துச்சு. வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு பறிச்சேன். டீக்கடையில ஒரு வாழையெல வாங்குனேன். கெளாஸ்ல போயி ரெண்டு பொட்டலம் கட்டி மேசை மேல வெச்சேன். பசங்க மொகத்தைப் பாக்கோணுமே. ஒரு புள்ளை கன்னத்துல போட்டுக்குது. சார் ஆத்தா கோவிச்சுக்கும்ங்கறான் ஒருத்தன். சும்மா இர்றா, ஆத்தாவுக்கு வேற வேலை இருக்குதுன்னேன். ஒவ்வொருத்தரா வந்து கண்ணை மூடிட்டு எடுக்கோணும், பிரிச்சுப் பாத்துட்டு மறுபடி கட்டி வெக்கோணும், நான் போர்டுல கோடு போடுவேன். அம்பது தடவை எடுத்தோமுங்க. பூ ரெண்டும் வதங்கிப்போச்சு. வெள்ளை இருபத்தேழு, செவப்பு இருபத்திமூணு. பாத்தீங்களாடா, கோயில்லயும் இதேதான், இங்கயும் இதேதான், பாதிக்குப் பாதின்னேன். எனக்கு வாய் கொஞ்சம் அதிகமுங்க. ஆனா அன்னைக்குத்தான் அந்தக் கெளாஸுக்கு நிகழ்தகவுன்னா என்னன்னு புரிஞ்சுது. அதை யாரும் இல்லைன்னு சொல்ல முடியாது.

அப்பத்தான் மூணாவது பெஞ்சுல இருந்து மோகனப்பிரியா எந்திரிச்சுது. அர்த்தநாரி பொண்ணு, மோகனான்னு கூப்புடுவோம். வீட்டுல தறி ஓடறதால அது தலைமுடியில எப்பவும் ரெண்டு இழை பஞ்சு ஒட்டிட்டு இருக்கும். சார், ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வெச்சா என்னங்க சார்னு கேட்டுச்சு. எனக்கு வந்த சந்தோசம் இருக்கே! பாடத்துல அடுத்து வர்றதே அதுதானுங்க. அதுக்குப் பேருதான் உறுதியான நிகழ்ச்சி, அதோட நிகழ்தகவு ஒண்ணு, அப்ப கண்ணை மூட வேண்டியதே இல்லை, எந்தக் கையி எடுத்தாலும் வெள்ளைதான்னு சொன்னேன். கெளாஸே சிரிச்சுது. அது சிரிக்கலை. நோட்டுல எழுதிக்கிச்சு. எழுதி அடியில ரெண்டு கோடு போட்டுச்சு. நான் பெஞ்சுப் பக்கம் நடந்து போகையில பாத்தேன்.

மறுநாள் ஊர்க்காரங்க நாலு பேர் வந்து எச்எம்கிட்டச் சண்டை. ஆத்தாவைக் கேலி பண்றாரு உங்க வாத்தியாருன்னு. எச்எம் என்னைக் கூப்புட்டு, சதாசிவம் சார், பகடையோட நிறுத்திக்குங்கன்னாரு. மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு. நான் சாமியை ஒண்ணும் சொல்லலீங்க. பொட்டலம் ஒரே மாதிரி இருக்கோணும், எடுக்கறவனுக்குத் தெரியக்கூடாது, அப்பத்தான் அது சமவாய்ப்புன்னு சொன்னேன். இதுல என்ன கேலி இருக்கு?

சரி, வெசயத்துக்கு வர்றேன். மே மாசம் ரிசல்ட் வந்துச்சு. தொண்ணூத்தேழு. டவுன் பள்ளிக்கூடத்துல பிளஸ் ஒன் மொத குரூப்பு கேட்ட ஒடனே குடுப்பாங்க. ஒவ்வொரு புள்ளையா வந்து டிசி வாங்கிட்டுப் போகுது, இது வரலை. ஒரு வாரம் பாத்தேன், பத்து நாள் பாத்தேன். நானே வீட்டுக்குப் போனேன்.

அர்த்தநாரி நல்ல மனுசனுங்க. என்னைப் பாத்ததும் நாலு தறியையும் நிறுத்திட்டாரு. ஓடற தறியை ஒருத்தருக்காக நிறுத்தறதுன்னா அது பெரிய மரியாதைங்க. சேர் போட்டாரு. சார், எங்கக்கா வேண்டாம்ங்குதுங்கன்னாரு. அவருக்கு அப்பா அம்மா சின்ன வயசுலயே போயாச்சு, அக்கா நல்லம்மாதான் எடுத்து வளத்துச்சு. அதோட பையன் பத்தாவது பெயிலு, அவனும் தறிதான். இந்தப் புள்ளை பன்னெண்டு, காலேஜுன்னு போயிட்டா எம்பையனைக் கட்டிக்குமா, அதனால இத்தோட நிறுத்தி வீட்டுல தறியில விடு, பதினெட்டு முடிஞ்ச ஒடனே கல்யாணத்தை வெச்சுக்கலாம்னு அக்கா சொல்லிருச்சு. அவரால அந்தக்காகிட்ட இல்லைன்னு சொல்ல முடியலை. சொல்ற மனுசனும் இல்லை. புள்ளை படிக்கோணும்னு ஆசைப்படுது சார், எனக்கும் தெரியுது, ஆனா எங்கக்கா மொகத்தைப் பாத்து நான் எப்படிங்க சொல்லுவேன்னு கண்ணு கலங்கறாரு.

நானும் ஒரு மணி நேரம் பேசிப் பாத்தேன். கடைசியா அவரே சொன்னாரு. ஆத்தாகிட்டப் பூக் கேட்டறலாமுங்க சார். வெள்ளை வந்தா படிக்கட்டும், ஆத்தா உத்தரவுன்னு சொன்னா எங்கக்கா வாயே தொறக்காது. செவப்பு வந்தா அக்கா சொல்றபடி. இதுக்கு மேல என்கிட்ட வழியில்லீங்கன்னாரு.

எனக்குச் சந்தோசமுங்க. சிரிக்காதீங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. நான் அந்த வீட்டுக்குள்ள போகையில அந்தப் புள்ளை படிக்கறதுக்கு வாய்ப்பு பூச்சியம். வெளிய வர்றப்பப் பாதி. பூச்சியத்துல இருந்து பாதிக்கு நான் கொண்டாந்திருக்கேன். கதவுக்குப் பின்னால நின்னுட்டிருந்த அதோட அம்மா, சம்பூர்ணம்னு பேரு, மோர் கொண்டாந்து குடுத்துச்சு. நீங்க வந்தது நல்லதாப் போச்சுங்க சார்னு சொல்லுச்சு. மோகனா அவங்கம்மா தோளுக்குப் பின்னால இருந்து என்னைப் பாத்துச் சிரிச்சுது. அந்தச் சிரிப்பு எனக்கு அப்பப் புரியலை. நம்ம சார் நமக்குப் பாதி வாங்கிக் குடுத்துட்டாருன்னு சிரிக்குதுன்னு நெனைச்சுக்கிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கெழமை காலையில பத்து மணிக்குக் கோயில். என்னை யாரும் கூப்புடலைங்க. நானாத்தான் போனேன். நான் ஆரம்பிச்சு வெச்ச காரியம், நான் இல்லாம எப்படி? வெளுத்துத் தேச்ச சட்டை எடுத்துப் போட்டுட்டுப் போனேன். ஊர்ல ஒரு முப்பது பேர் இருந்தாங்க. கணக்கு சாரே வந்துட்டாரு பாருன்னு யாரோ சொன்னாங்க. பள்ளிக்கூடத்துல சண்டைக்கு வந்த அந்த நாலு பேரும் அங்க நின்னாங்க. சார், உங்க பாதிக்குப் பாதியைப் பாக்க வந்தீங்களான்னு ஒருத்தன் கேட்டான். எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆமாய்யா, பாக்கத்தான் வந்தேன்னேன்.

உங்க பக்கம் எப்படியோ தெரியலை, எங்க ஊர்ல பொட்டலத்தை வீட்டுப் பொம்பளைதான் கட்டிட்டு வரோணும். தலைக்கு ஊத்திட்டு, யாருகிட்டயும் பேசாம, வீட்டுலயே கட்டித் தட்டுல வெச்சுக் கொண்டாருவாங்க. யாரும் பிரிச்சுப் பாக்க மாட்டாங்க. பூசாரி ஆத்தா முன்னால தட்டைக் குலுக்கிக் கீழ போடுவாரு. வெவரந்தெரியாத கொழந்தை ஒண்ணு போயி ஒரு பொட்டலத்தை எடுக்கும். அதைப் பிரிப்பாங்க. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கற வழக்கமில்லை, அப்படியே ஆத்தா காலடியில வெச்சுருவாங்க. நல்லாக் கேட்டுக்குங்க. எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்க மாட்டாங்க.

சம்பூர்ணம் தட்டைக் கொண்டாந்துச்சு. ஆனா கோயிலுக்குள்ள வர்றப்ப அந்தத் தட்டு நல்லம்மா கையில இருந்துச்சுங்க. படியேறையில அந்தம்மா வாங்கியிருக்குது, நாத்தனார்ங்கற உரிமையில. அதுவும் முந்தின நாளே வந்து அந்த வீட்டுலதான் தங்கியிருக்குது. எனக்குச் சந்தேகம் வந்துருச்சு. வருமா வராதா, நீங்களே சொல்லுங்க? ரெண்டு பொட்டலத்தையும் பாக்கறேன். ஒண்ணு தடியா இருக்கு, ஒண்ணு ஒல்லியா இருக்கு. ஒண்ணுல வாழைநாரு மூணு சுத்து, ஒண்ணுல ரெண்டே சுத்து. கொழந்தை தடியானதைத்தான் எடுக்கும். இது எப்படிச் சமவாய்ப்பு? ரெண்டுலயும் செவப்பையே வெச்சுட்டாளோ இந்தப் பொம்பளைன்னு தோணிப்போச்சு. நான் சொல்லிக் குடுத்த பாடந்தானே, ரெண்டும் செவப்பா இருந்தா வெள்ளை வர்றது இயலா நிகழ்ச்சி, பூச்சியம். நான் கொண்டாந்த பாதியை இவ மறுபடி பூச்சியமாக்கிட்டாளோன்னு.

நான் முன்னால போயிட்டேனுங்க. பூசாரி, ஒரு நிமிசம்னேன். பொட்டலம் ரெண்டும் ஒரே மாதிரி இல்லை, நாளைக்கு ஒருத்தர் ஒரு பேச்சுப் பேசக்கூடாது, எல்லாருக்கும் பொதுவா நானே மறுபடி கட்டறேன்னேன். பூசாரி முழிச்சாரு. அப்படி யாரும் அதுவரைக்கும் கேட்டதில்லை. நல்லம்மாவைப் பாத்தேன். கட்டட்டும், வாத்தியார் கட்டுனா இன்னும் நல்லதுதானேன்னு சொல்லுச்சு. அப்ப நான் யோசிச்சிருக்கோணும். திருடுன ஆளு அப்படிச் சொல்லுமா? யோசிக்கலை.

சம்பூர்ணம்தான், கட்டுனது கட்டுனபடி இருக்கட்டுங்க சார்னு சொல்லுச்சு. மெதுவாத்தான் சொல்லுச்சு. மோகனா தலையை ஆட்டுது. வேண்டாங்க சார், வேண்டாங்க சார்னு ரெண்டு தடவை. ஒதடு மட்டுந்தான் அசையுது, சத்தம் வரலை. பயப்படுதுன்னு நெனைச்சேன். பயப்படாத கண்ணு, சார் இருக்கேன்ல, எல்லாம் நேர்மையா நடக்கும்னு சொன்னேன். அதோட தலையில கையி வெச்சுச் சொன்னேனுங்க.

தட்டுல இருந்த ரெண்டு பொட்டலத்தையும் எடுத்தேன். சாமிக்குக் கொண்டாந்ததைத் தரையில போடக்கூடாதில்லீங்களா, சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். கோயில் அரளியில வெள்ளை ஒண்ணு, செவப்பு ஒண்ணு பறிச்சேன். முப்பது பேருக்கும் தெரியற மாதிரி ரெண்டு கையிலயும் தூக்கிக் காட்டுனேன். பூசாரிகிட்ட வாழையெல வாங்கி ஒரே அளவுல கிழிச்சு, நார் மூணே மூணு சுத்து, முடிச்சு ஒரே பக்கம். கட்டி முடிச்சப்பறம் எது எதுன்னு எனக்கே தெரியலை. அப்படி ஒரு சமவாய்ப்பை நீங்க பாட புஸ்தகத்துலகூடப் பாக்க முடியாதுங்க. எனக்குள்ள ஒரு பெருமை இருந்துச்சு. பொய் சொல்ல மாட்டேன், இருந்துச்சு.

பூசாரி குலுக்கிப் போட்டாரு. ஒரு மூணு வயசுக் கொழந்தை, ஜட்டி மட்டும் போட்டிருந்துச்சு, போயி ஒண்ணை எடுத்துச்சு.

செவப்பு.

நல்லம்மா துண்ணூறு எடுத்துப் பூசிக்கிச்சு. நான் பூசாரிகிட்ட, இன்னும் ரெண்டு தடவை போடலாமுங்களே, மூணுக்கு ரெண்டுன்னு எடுத்துக்கலாமேன்னேன். ஒரு கேள்விக்கு ஒரு தடவைதான் சார்னாரு. கெளாஸ்ல அம்பது தடவை எடுத்தமுங்களே. அங்க எத்தனை தடவை செவப்பு வந்தாலும் யாருக்கும் ஒண்ணும் ஆகலை. இங்க ஒரே ஒரு தடவை. சம்பூர்ணம் அந்தப் புள்ளையைப் புடிச்சுட்டுப் படியிறங்கிப் போயிருச்சு. என்னைத் திரும்பிப் பாக்கலை. துக்கம், அதான்னு நெனைச்சேன்.

வீட்டுக்கு வந்து சாயங்காலம் சட்டையைத் தொவைக்கப் போடறதுக்கு எடுக்கறேன், பையில பொட்டலம். அந்தம்மாவோடது. சரி, பாத்துருவோம், அந்த நல்லம்மா வண்டவாளத்தைன்னு பிரிச்சேன்.

மொதல் பொட்டலம், வெள்ளை. எனக்குக் கொஞ்சம் சப்புன்னு ஆகிருச்சு. அப்ப நல்லம்மா ஒண்ணும் பண்ணலை, ஒண்ணு வெள்ளைன்னா இன்னொண்ணு செவப்பு, ஒழுங்காத்தான் கட்டியிருக்காங்கன்னு நெனைச்சேன். ரெண்டாவதைப் பிரிக்கக்கூட இல்லை, கீழ வெச்சுட்டேன். அப்பறம் என்னமோ தோணுச்சு. பிரிச்சேன்.

வெள்ளைங்க.

இருங்க. கொஞ்சம் இருங்க. தண்ணி இருக்குதுங்களா? இல்லீங்க, என்கிட்டயே இருக்கு.

அந்தப் புள்ளைதானுங்க அம்மாவுக்குச் சொல்லிக் குடுத்திருக்குது. நோட்டைக் காட்டியிருக்குது. ரெண்டும் வெள்ளையா இருந்தா நிகழ்தகவு ஒண்ணு, எந்தக் கையி எடுத்தாலும் வெள்ளைன்னு. நான் வீட்டுக்குப் போறதுக்கு முன்னாலயே அம்மாவும் பொண்ணும் பேசி வெச்சிருந்திருக்காங்க, அர்த்தநாரி எப்படியும் பூக் கேப்பாருன்னு தெரிஞ்சு. அதுக்குத்தான் அந்தச் சிரிப்பு. முந்தின நாளே வந்த நாத்தனாரை வீட்டுல வெச்சுக்கிட்டு, காலையில அது குளிக்கப் போன நேரத்துல அவசர அவசரமாக் கட்டியிருக்குது அந்தம்மா. அதனாலதான் ஒண்ணு தடி, ஒண்ணு ஒல்லி. நாரு ரெண்டு சுத்து. நான்தான் ஒண்ணைப் பாதியாக்கிட்டேன்.

மறுநாள் போனேனுங்க. தறி ஓடிட்டு இருந்துச்சு. இந்தத் தடவை யாரும் நிறுத்தலை. அர்த்தநாரி தறிக்குப் பாவு நூல் புடிக்கப் போயிட்டாரு. சம்பூர்ணம் தார்க்குச்சியில நூல் சுத்திட்டு இருந்துச்சு. நான் சட்டைப் பையில இருந்து அந்த ரெண்டு பூவையும் எடுத்துக் காட்டுனேன். அந்தம்மா பாத்துச்சு. அப்பறம் சொல்லுச்சு. ராத்திரி பூரா ஆத்தாகிட்ட அழுது மன்னிப்புக் கேட்டுட்டுத்தான் கட்டுனேனுங்க சார். ஆத்தாகூட ஒண்ணும் சொல்லலை.

அவ்வளவுதான் சொல்லுச்சு. ஆத்தாகூட ஒண்ணும் சொல்லலைன்னு. அதுக்கப்பறம் இன்னைக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசுனதில்லை.

மோகனா மூணாவது தறியில நின்னுட்டு இருந்துச்சு. பதினஞ்சு வயசுப் புள்ளை. தலை பூராவும் பஞ்சு. என்னால அதைப் பாக்க முடியலை, திரும்பிட்டேன். அதுவே கிட்ட வந்துச்சு. தறிச் சத்தத்துல கேக்காதுன்னு பக்கத்துல வந்து சொல்லுச்சு. அழாதீங்க சார், உங்க மேல தப்பில்லைங்க, பாதிக்குப் பாதிதானுங்களே சார்னு.

பாத்தீங்களா? அந்தப் புள்ளையே சொல்லிருச்சு. தப்பில்லைன்னு அதுவே சொல்லிருச்சுங்க. அப்பறம் எதுக்குங்க எனக்குப் பத்திரிகை வெக்கலை?

அர்த்தநாரிகிட்ட உண்மையைச் சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்க. எப்படிங்க சொல்றது? உங்க சம்சாரம் ஆத்தாவையே ஏமாத்தப் பாத்துச்சுன்னா சொல்றது? அந்த வீட்டுல அந்தம்மா அப்பறம் இருக்க முடியுமா? அதனாலதான் சொல்லலை. வேற ஒண்ணும் இல்லீங்க. ஊர் என்னைப் பத்தி என்ன பேசும்னெல்லாம் நான் நெனைக்கலை. கொஞ்சம் நெனைச்சேன்.

கல்யாணத்தன்னைக்கு மண்டபத்துக்கு எதுக்க டீக்கடையில ஒரு மணி நேரம் ஒக்காந்திருந்தேன். பொண்ணு கார்ல இருந்து எறங்குச்சு, பதினெட்டு முடிஞ்சு நாலாவது மாசம். நல்லாத்தான் இருந்துச்சு. தலையில பஞ்சு இல்லை, பூ இருந்துச்சு. உள்ள போயி ஒரு கவரைக் குடுத்துட்டு வந்துரலாம்னு எந்திரிச்சேன், டீக்குக் காசைக் குடுத்தேன். திரும்பி வந்துட்டேன். எனக்கு நெஞ்சே ஆறலைங்க. மூணு வருசமா ஆறலை. அந்த ரெண்டு பொட்டலமும் இன்னும் என் மேசை டிராயர்ல சாக்பீஸ் டப்பாவுல கெடக்கு. காஞ்சு போயி எது வெள்ளை, எது என்னன்னு தெரியாது. எனக்குத் தெரியும். இப்பெல்லாம் அந்தப் பாடம் வந்தா போர்டுல எழுதிப் போட்டுட்டுக் காப்பி பண்ணிக்குங்கடான்னு சொல்லிருவேன். ஏன்னு எவனும் கேக்கறதில்லை. ரெண்டும் வெள்ளையா இருந்தா என்னன்னு கேக்கறதுக்கும் அப்பறம் ஒரு புள்ளை வரலை.

வளைவு தெரியுது பாருங்க, அடுத்த ஸ்டாப்பு உங்குளுது. உங்க வீட்டுக்காரம்மா இப்பவே எந்திரிச்சு நின்னுட்டாங்க. நான் பாத்துட்டேதான் வர்றேன், பஸ் ஏறுனதுல இருந்து அந்தப் பையை அவங்க கீழ வெக்கலை. கண்டக்டர் மேல வைங்கம்மான்னு கேட்டப்பக்கூடக் குடுக்கலை. பொண்ணு அம்மா கையை நல்லாப் புடிச்சுட்டு நிக்குது.

பொட்டலம் யாருங்க கட்டுனது? அவங்கதானே? வீட்டுலயே கட்டுனாங்களா?

அப்ப சரிங்க. பையை அவங்களே வெச்சிருக்கட்டும். கோயில்ல தட்டையும் அவங்க கையிலயே விட்டுருங்க. தடியா இருந்தா இருக்கட்டும், ஒல்லியா இருந்தா இருக்கட்டும். நீங்க தொட்டுப் பாக்காதீங்க. உங்க தங்கச்சி, மச்சான், எவன் வந்து கேட்டாலும் குடுக்காதீங்க. கொழந்தை எடுக்கட்டும், எடுத்ததைப் பாத்துட்டு வீட்டுக்கு வந்துருங்க. எடுக்காததை ஆத்தா காலடியில வெச்சுருங்க. உங்களைக் கையெடுத்துக் கும்புடறேன்.

என்னையுங்களா? கூட வர்றதா? வாத்தியார் ஒருத்தர் இருந்தா நல்லதுதான்னு சொல்றீங்க. வேண்டாங்க. நீங்க போயிட்டு வாங்க, பாத்து எறங்குங்க.

நான் வந்தா பிரிச்சுப் பாத்துருவேனுங்க.